பெற்றோரின் முதுமை: மருந்து மட்டும் போதுமா?



முதிய பெற்றோருக்கு மருந்து வாங்கித் தருவதில் நம் குடும்பங்களில் குறை வைப்பவர்கள் மிகச் சிலரே. பிள்ளைகள் துபாயிலும் ரியாதிலும் சிங்கப்பூரிலும் இருந்தாலும் மாதம் தவறாமல் பணம் வந்து சேர்கிறது. இரத்த அழுத்தத்திற்கு ஒரு மாத்திரை, சர்க்கரைக்கு இரண்டு, மூட்டு வலிக்குத் தைலம் என்று அலமாரி நிறைந்திருக்கிறது. ஆறு மாதத்திற்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனையும் நடக்கிறது. ஆயினும் உம்மாவின் சர்க்கரை கட்டுக்குள் வருவதில்லை. வாப்பாவுக்கு இரவில் உறக்கம் இல்லை. உடலும் இளைத்துக்கொண்டே போகிறது. மருத்துவரை மாற்றுகிறோம், மருந்தை மாற்றுகிறோம். அந்த முதியவரின் ஒரு நாள் எவ்வாறு கழிகிறது, அவர் யாரோடு பேசுகிறார், யார் அவரிடம் ஆலோசனை கேட்கிறார்கள் என்று மட்டும் நாம் விசாரிப்பதில்லை.

பெற்றோருக்குப் பணிவிடை செய்வதன் சிறப்பை மேடைதோறும் கேட்டு வருகிறோம். அந்தப் பணிவிடை மருந்துக் கடையோடு முடிந்துவிடுவதில்லை என்பதை இன்றைய மருத்துவ அறிவும் உறுதிப்படுத்துகிறது. துணை, மரியாதை, செய்வதற்கு ஒரு வேலை, துக்கத்தைப் பகிர ஓர் ஆள் ஆகியவை முதியவரின் இதயத்தையும் இரத்த அழுத்தத்தையும் நினைவாற்றலையும் பாதிக்கின்றன. அது எவ்வாறு நிகழ்கிறது, நாம் செய்ய வேண்டியது என்ன என்பதை இங்கே காண்போம்.

தனிமை உடலுக்குள் புகும் வழி

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் அலமீடா என்றொரு மாவட்டம் உண்டு. அங்கே 1965 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 7,000 பேரிடம் உடல்நலம், பழக்கவழக்கம், உறவுத் தொடர்புகள் பற்றிய விவரங்களைச் சேகரித்தார்கள். வாழ்க்கைத் துணை, உறவினர் நண்பர் பழக்கம், வழிபாட்டுத் தலத்தோடு தொடர்பு, சங்கங்களில் பங்கு ஆகியவற்றைக் கேட்டறிந்தார்கள். அடுத்த ஒன்பது ஆண்டுகளில் யார் உயிரோடு இருந்தார்கள், யார் இறந்தார்கள் என்று கணக்கிட்டு, லிசா பெர்க்மன், லியோனார்டு சைம் என்ற ஆய்வாளர்கள் 1979 இல் முடிவை வெளியிட்டார்கள். தொடர்புகள் மிகக் குறைவாக இருந்தவர்களிடையே இறப்பு இரண்டு மடங்குக்கும் அதிகமாக இருந்தது. தொடக்கத்தில் இருந்த நோய், புகை, மது, உடல் எடை ஆகியவற்றைக் கணக்கில் கொண்ட பின்பும் அந்த வேறுபாடு மறையவில்லை.

ஒரே ஓர் ஆய்வை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. நோயாளி வெளியே செல்ல இயலாமல் தனித்துப் போவதும் உண்டல்லவா? ஆகவே பல நாடுகளிலும் இதே கேள்வி மீண்டும் மீண்டும் ஆராயப்பட்டது. 2010 இல் ஜூலியானா ஹோல்ட்-லன்ஸ்டாட் என்ற அமெரிக்கப் பேராசிரியரும் அவருடைய குழுவினரும் 148 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். அவற்றில் இடம்பெற்றவர்கள் மூன்று லட்சத்திற்கும் அதிகமானோர். உறவுகள் வலுவாக இருந்தவர்கள் ஆய்வுக் காலம் முடிய உயிரோடு இருக்கும் வாய்ப்பு, மற்றவர்களைவிட 50 விழுக்காடு அதிகமாக இருந்தது. 2025 இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, தனிமையோடு தொடர்புடைய மரணங்கள் ஆண்டுக்கு 8,71,000 இருக்கும் என்று மதிப்பிட்டது. ஆயுளின் அளவு இறைவனின் தீர்மானம். எனினும் நலத்துக்கான காரணங்களைப் பேணுவது நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பொறுப்பாகும்.

மனத்தில் உள்ள தனிமை இதயத்தை எவ்வாறு தொடுகிறது? இரண்டு வழிகள் தெளிவாகத் தெரிகின்றன. ஆபத்து வரும்போது நம் உடல் அட்ரினலின், கார்ட்டிசால் ஆகிய ஹார்மோன்களைச் சுரக்கிறது. அவை இரத்த அழுத்தத்தையும் இரத்தச் சர்க்கரையையும் உயர்த்தி, ஓடவோ எதிர்க்கவோ உடலைத் தயார்படுத்துகின்றன. ஆபத்து நீங்கியதும் அவை தணிய வேண்டும். ஆனால் கவலையும் தனிமையும் நாள்தோறும் நீடித்தால் அந்தத் தணிவு கிடைப்பதில்லை. உறக்கம் கெடுகிறது, நோய் எதிர்ப்பு ஆற்றல் சீர்குலைகிறது, இரத்தக் குழாய்கள் மெல்ல மெல்லப் பழுதாகின்றன.

இரண்டாவது வழி இன்னும் எளியது. தனக்காக மட்டும் சமைக்க மனமில்லாத மூதாட்டி, காலையில் எஞ்சிய சோற்றையோ தேநீரில் தோய்த்த ரொட்டியையோ இரவுக்கு வைத்துக்கொள்கிறார். பேச்சுத் துணை இல்லாதவர் வெளியே நடப்பதை நிறுத்துகிறார். 'இருந்து என்ன ஆகப்போகிறது' என்று நினைப்பவர் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போடுகிறார். அலமாரியில் மருந்து இருக்கிறது. ஆனால் உடலுக்குள் செல்வதில்லை.

"எங்கள் வீடு கூட்டுக் குடும்பம், இங்கே தனிமைக்கு இடமேது?" என்று சிலர் கேட்கக்கூடும். தனித்து வாழ்வது வேறு, தனிமையை உணர்வது வேறு. பத்துப் பேர் உள்ள வீட்டில் அனைவரும் கைப்பேசியில் ஆழ்ந்திருக்க, மூலைக் கட்டிலில் படுத்திருக்கும் பாட்டனார் நாள் முழுவதும் ஒருவரோடும் பேசாமல் இருக்கலாம். தனி வீட்டில் வாழ்ந்தும், அண்டை வீட்டாரின் வரவால் மகிழ்ச்சியோடு இருப்பவரும் உண்டு. ஆகவே வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைக் கொண்டு மனநிறைவு அடைந்துவிடாதீர்கள்.

'வயதாகிவிட்டது' என்ற விளக்கம்

முதியவர் சரியாகச் சாப்பிடவில்லை என்றால் 'வயதாகிவிட்டது' என்கிறோம். உறங்கவில்லை, பேசவில்லை, எதிலும் விருப்பமில்லை என்றாலும் அதே பதில்தான். இவை முதுமையின் இயல்பு அல்ல. பல வேளைகளில் மனச்சோர்வு நோயின் அடையாளங்கள். இந்திய முதியோரின் நிலையை அறிய 2017-18 இல் நாடு தழுவிய பெரும் ஆய்வொன்று நடைபெற்றது. 45 வயதைக் கடந்த 72,000க்கும் மேற்பட்டவர்கள் அதில் இடம்பெற்றனர். கேள்விகளின் வழியே சோதித்தபோது, 60 வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு எட்டுப் பேருக்கு மனச்சோர்வு நோய் இருக்கக்கூடும் எனத் தெரிந்தது. தமக்கு அந்நோய் இருப்பதாக மருத்துவர் கண்டறிந்துள்ளார் என்று சொன்னவர்களோ நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. நோயுற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் கண்டறியப்படாமலே நம் வீடுகளில் இருக்கிறார்கள் என்பதே இதன் பொருள்.

முதியோர் "எனக்கு மனம் சரியில்லை" என்று சொல்வது அரிது. "உடம்பெல்லாம் வலிக்கிறது", "நெஞ்சு படபடக்கிறது", "வயிறு மந்தமாக இருக்கிறது" என்றுதான் சொல்வார்கள். பரிசோதனையில் எதுவும் தெரியாதபோது, 'சும்மா சொல்கிறார்' என்று வீட்டார் சலித்துக்கொள்கிறார்கள். அந்த வலி பொய்யன்று. பசியின்மை, விடியலுக்கு வெகு முன்பே விழிப்பு, பேரப்பிள்ளையைக் கண்டும் மகிழாமை, எப்போதும் களைப்பு, 'நான் உங்களுக்குப் பாரம்' என்ற பேச்சு ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 குறைபாடு, வேறு நோய்க்கு உட்கொள்ளும் சில மருந்துகள் ஆகியவையும் இத்தகைய நிலையை உண்டாக்கக்கூடும். அவற்றை முதலில் சோதிப்பார்கள்.

மனச்சோர்வினால் மறதி போன்ற தோற்றமும் ஏற்படலாம். மறதி நோய் என்று கைவிடப்பட்ட சிலர் மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்றபின் தெளிவடைவதுண்டு. ஆனால் ஓரிரு நாளில் திடீரென்று குழப்பமடைந்து, ஆள் தெரியாமல் பேசினால் அது மனநோயென்று எண்ணிக் காத்திருக்கக் கூடாது. சிறுநீர்த் தொற்று, சர்க்கரை இறங்குதல், உப்புச்சத்துக் குறைதல், பக்கவாதம் போன்ற உடற்காரணங்கள் அதன் பின்னால் இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

இந்நோயை அலட்சியம் செய்வது இதயத்தையும் பாதிக்கும். கனடாவின் மான்ட்ரியல் நகரில் மாரடைப்பு ஏற்பட்ட 222 பேரை ஆராய்ந்து 1993 இல் முடிவை வெளியிட்டார்கள். மாரடைப்போடு மனச்சோர்வும் இருந்தவர்கள் அடுத்த ஆறு மாதங்களில் இறக்கும் அபாயம், இதயத்தின் பழுதைக் கணக்கில் கொண்ட பின்பும் ஏறத்தாழ நான்கு மடங்காக இருந்தது.

துக்கம் ஈமானின் குறைவா?

'தொழுகையாளிக்கு மனச்சோர்வு வருமா?', 'ஈமான் உறுதியாக இருந்தால் ஏன் கலங்க வேண்டும்?' என்று கேட்பவர்கள் உண்டு. இக்கேள்வி ஏற்கெனவே துயருற்றவர் மீது குற்ற உணர்வையும் சுமத்திவிடுகிறது. அருமை மகன் யூசுஃபைப் பிரிந்த நபி யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் துயரத்தால் வெளுத்துப் போனதைத் திருக்குர்ஆன் நமக்கு அறிவிக்கிறது. அவர்கள் பொறுமையாளர், இறைவன் மீது நம்பிக்கை இழக்காதவர். ஆயினும் அந்த முதிய தந்தையின் உடல் மகனின் பிரிவைத் தாங்கவில்லை. அன்னை கதீஜா (ரலி) அவர்களும் பெரிய தந்தை அபூதாலிபும் மறைந்த ஆண்டைத் துயர ஆண்டு என்றே நபிகளாரின் வரலாறு குறிக்கிறது. துக்கமும் ஈமானும் ஒரே உள்ளத்தில் இருக்க முடியும். ஆகவே சர்க்கரை நோய்க்கு மருத்துவரை நாடுவது போலவே மனச்சோர்வுக்கும் நாடுவதில் வெட்கத்திற்கு இடமில்லை.

துணையை இழந்தபின்

முதுமையில் நேரும் இழப்புகளில் மிகக் கடினமானது வாழ்க்கைத் துணையின் மறைவு. பிரிட்டனில் மனைவியை இழந்த, 55 வயதும் அதற்கு மேலும் ஆன 4,486 ஆண்களைக் கவனித்து வந்தார்கள். முதல் ஆறு மாதங்களில் அவர்களிடையே இறப்பு, வழக்கமாக எதிர்பார்க்கப்படுவதைவிட 40 விழுக்காடு அதிகமாக இருந்தது. அந்த ஆய்வு 1969 இல் வெளியானது. இறந்தவர்களில் இதய நோயால் இறந்தவர்களே மிகுதி.

1990 இல் ஜப்பானிய மருத்துவர்கள் வேறொன்றையும் விவரித்தார்கள். கடும் அதிர்ச்சியாலோ துக்கத்தாலோ இதயத்தின் அடிப்பகுதி திடீரெனப் பலவீனமுற்று உப்பிவிடுகிறது. ஜப்பானியர் ஆக்டோபஸ் பிடிக்கும் பானையின் வடிவில் அது தோன்றியதால் 'டாகோட்சுபோ' என்று பெயரிட்டார்கள். மாரடைப்பைப் போலவே நெஞ்சு வலியும் மூச்சுத் திணறலும் வரும். மாதவிடாய் நின்ற பெண்களிடமே இது அதிகம். உடனே மருத்துவமனை சென்றால் பெரும்பாலோர் குணமடைகிறார்கள். மையித்து வீட்டில் நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லும் மூதாட்டியை 'அழுது அழுது அப்படித்தான் இருக்கும்' என்று படுக்க வைத்துவிடாதீர்கள்.

கணவரை இழந்த பெண்மணியின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். முதல் மூன்று நாட்கள் வீடு நிறைய ஆட்கள். நாற்பது நாட்கள் செல்வதற்குள் ஒவ்வொருவராகக் கலைந்துவிடுகிறார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த மகன் விடுமுறை முடிந்து திரும்புகிறான். நான்கு மாதமும் பத்து நாளும் நீளும் இத்தாவின் பிற்பகுதியில் அவர் பெரும்பாலும் ஒற்றை அறையில் தனித்திருக்கிறார். இத்தா என்பது அவரைத் தேடிச் செல்லக் கூடாத காலம் அன்று. மகள்கள், சகோதரிகள், அண்டை வீட்டுப் பெண்கள் முறைவைத்துச் சென்று உடனிருக்க வேண்டிய காலம் அது. மறைந்தவரைப் பற்றி அவர் பேசினால் பேச்சை மாற்றாமல் கேளுங்கள். நோய்க்காக மருத்துவரிடம் செல்வதற்கு இத்தா தடையாகாது. ஐயமிருந்தால் உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள், மருத்துவத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

மனைவியை இழந்த ஆணின் துயரம் வெளியே தெரிவதில்லை. எந்த மாத்திரை எப்போது என்பது மனைவிக்குத்தான் தெரிந்திருக்கும். உறவினரோடு பேச்சு வைத்திருந்ததும் அவரே. அந்த ஒருவர் மறைந்தபின் உணவு, மருந்து, உறவு மூன்றும் ஒரே நாளில் அறுந்துவிடுகின்றன. முதல் ஆறு மாதங்கள் அவரைத் தனியே விடாதீர்கள்.

'நீங்கள் சும்மா இருங்கள்'

நாம் அன்போடு சொல்லும் ஒரு சொல் முதியவரைத் தளரச் செய்துவிடுவதுண்டு. கடைக்குப் போகவா என்று கேட்கும் தந்தையிடமும், அடுப்படிக்கு வரும் தாயிடமும், "உங்களுக்கு எதற்கு இந்த வேலை, சும்மா இருங்கள்" என்கிறோம். பிறகு பெட்டிச் சாவி கைமாறுகிறது. வங்கிப் புத்தகம் கைமாறுகிறது. திருமணப் பேச்சுகளும் அவரைக் கேட்காமலே முடிந்துவிடுகின்றன. பிள்ளைகளை ஆளாக்கிய கைகளுக்குச் செய்வதற்கு எதுவும் இல்லாமல் போகிறது.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து முதியோர் இல்லமொன்றில் எலன் லாங்கர், ஜூடித் ரோடின் ஆகியோர் ஒரு சோதனை நடத்தி, 1976 இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு தளத்தில் இருந்தவர்களிடம், 'உங்கள் அறையையும் நேரத்தையும் நீங்களே தீர்மானியுங்கள்' என்று சொல்லி, வளர்ப்பதற்கு ஆளுக்கொரு செடியையும் கொடுத்தார்கள். மற்றொரு தளத்தில், 'எல்லாவற்றையும் ஊழியர்கள் பார்த்துக்கொள்வார்கள்' என்று சொன்னார்கள். செடிக்குத் தண்ணீர் ஊற்றியதும் ஊழியர்களே. மூன்று வாரங்களுக்குப் பின் பார்த்தபோது, பொறுப்பு ஒப்படைக்கப்பட்டவர்கள் அதிகச் சுறுசுறுப்போடும் மகிழ்ச்சியோடும் இருந்தார்கள். இது சிறிய ஆய்வுதான். ஆயினும் வீடுகளில் நாம் காண்பதோடு ஒத்துப்போகிறது.

முதுமையைப் பற்றிய எண்ணமும் முக்கியம். ஒஹையோ மாநிலத்தில் 50 வயதைக் கடந்த 660 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வை பெக்கா லெவி என்பவர் 2002 இல் வெளியிட்டார். தம் முதுமையை நல்லவிதமாகக் கருதியவர்கள், அவ்வாறு கருதாதவர்களைவிடச் சராசரியாக ஏழரை ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தார்கள். 'கிழம்', 'உபயோகமில்லாதது' என்று வீட்டில் கேட்டுக்கொண்டே இருப்பவர் தம்மை எவ்வாறு கருதுவார்?

இதற்கு ரமளான் நல்ல உதாரணம். சர்க்கரை நோயாலும் தள்ளாமையாலும் நோன்பு வைக்க இயலாதவருக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. ஆனால் எழுபது ஆண்டுகளாக நோன்பை விடாதவருக்கு அது பெரும் மன வேதனை. வீட்டாருக்குத் தெரியாமல் மருந்தை நிறுத்தி நோன்பு வைத்து மயங்கி விழுபவர்களும் உண்டு. "உங்களுக்குத்தான் நோன்பு இல்லையே" என்று ஒதுக்காதீர்கள். ஸஹர் நேரத்தில் அவரையும் எழுப்பி உடன் அமர்த்துங்கள். ஃபித்யாவை அவர் கையாலேயே கொடுக்கச் செய்யுங்கள். நோன்பு திறக்கும் நேரத்தில் பேரப்பிள்ளைகளுக்குப் பேரீச்சம்பழம் பங்கிடும் பொறுப்பு அவருடையதாக இருக்கட்டும். பிள்ளைகளுக்கு ஓதக் கற்றுக்கொடுப்பதும், குடும்ப வரலாற்றைச் சொல்வதும், கீரை ஆய்வதும் அவருடைய வேலையாக இருக்கட்டும். வேலை சிறிதாயினும், அது உண்மையிலேயே வீட்டுக்குத் தேவையானதாக இருக்க வேண்டும்.

வெளியே வராததன் காரணம்

ஐவேளையும் பள்ளிவாசலுக்கு வந்த பெரியவர் திடீரென்று வராமல் போனால், 'முடியவில்லை போலும்' என்று விட்டுவிடுகிறோம். காரணத்தை விசாரியுங்கள். புராஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் கசியும் ஒருவர், ஆடை சுத்தமில்லையே என்று கூச்சப்பட்டு வீட்டிலேயே முடங்கிவிடுவார், யாரிடமும் சொல்லமாட்டார். அதற்குச் சிகிச்சை உண்டு. தொடர்ந்து கசிவு உள்ளவருக்கு உளூவிலும் தொழுகையிலும் உள்ள சலுகைகளை ஆலிம்கள் விளக்கிச் சொல்வார்கள். இருமியதும் சிறுநீர் கசியும் பெண்களின் நிலையும் இதுவே. உட்கார்ந்து உளூச் செய்ய ஒரு மேடை, பிடித்து ஏறக் கைப்பிடி, மேற்கத்தியக் கழிப்பறை, சில நாற்காலிகள் ஆகியவற்றை ஜமாஅத்தினர் அமைத்தால் எத்தனையோ பெரியவர்கள் மீண்டும் வருவார்கள். பெண்கள் பலருக்குப் பள்ளிவாசல் செல்லும் வாய்ப்பும் இல்லை. உறவினர் வீடுகளுக்கு அழைத்துச் செல்ல ஆள் இருந்தால்தான் அவர்களுக்கு வெளியுலகம்.

காது கேளாமையும் தனிமைக்கு வழி வகுக்கிறது. திரும்பத் திரும்பக் கேட்கக் கூச்சப்பட்டு, பேச்சிலிருந்தே ஒதுங்கிவிடுகிறார்கள். 'லான்செட்' மருத்துவ இதழின் ஆய்வுக் குழு 2024 இல் வெளியிட்ட அறிக்கை, டிமென்ஷியா எனப்படும் மறதி நோய்க்குத் துணைபோகும், நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. செவித்திறன் குறைவு, பார்வைக் குறைவு, மனச்சோர்வு, சமூகத் தனிமை ஆகிய நான்கும் அவற்றுள் அடங்கும். காது கருவியும், கண்புரை அறுவையும், பல் செட்டும் முதியவரை மீண்டும் பேச்சுக்கும் விருந்துக்கும் கொண்டுவரும் சாதனங்கள்.

கடல் கடந்து வாழும் பிள்ளைகளுக்கு

கீழக்கரை, காயல்பட்டினம், அதிராம்பட்டினம், கூத்தாநல்லூர் போன்ற ஊர்களில் பிள்ளைகள் வெளிநாட்டில் வாழ்வது தலைமுறை வழக்கம். பிழைப்பை விட்டு வந்துவிடுங்கள் என்று சொல்வதற்கில்லை. ஆனால் தொடர்பு கொள்வதில் ஓர் ஒழுங்கு வேண்டும். அமெரிக்காவில் ரிச்சர்டு ஷுல்ஸ் என்பவர் 1976 இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் முதியோர் இல்லத்தாரைச் சந்தித்து வந்தார்கள். வரும் நேரம் முன்கூட்டியே தெரிந்திருந்தவர்கள், எப்போது வருவார்கள் என்று அறியாதவர்களைவிட நலமாக இருந்தார்கள். ஆய்வு முடிந்து மாணவர்கள் வருவதை நிறுத்தியபின், அதே முதியவர்களின் நலம் சரிந்ததை 1978 இல் வெளியான தொடர் ஆய்வு காட்டியது. விடுமுறையில் வந்து ஒரு மாதம் கொண்டாடிவிட்டுப் பதினொரு மாதம் மறந்துவிடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நாள்தோறும் ஒரே நேரத்தில், பத்து நிமிடமாயினும் பேசுங்கள். "மாத்திரை போட்டீர்களா, பணம் வந்ததா" என்பதோடு வைத்துவிடாதீர்கள். "இந்த மீனுக்கு எப்படி ஆணம் காய்ச்சுவது உம்மா?", "இந்த வீட்டு விஷயத்தில் என்ன செய்யலாம் வாப்பா?" என்று கேளுங்கள். ஆலோசனை கேட்கப்படும்போது, தாம் இன்னும் குடும்பத்தின் பெரியவர் என்பதை அவர்கள் உணர்கிறார்கள்.

பராமரிப்பவரையும் பாருங்கள்

முதியவருக்குச் செய்யும் பணிவிடையில் பெரும்பங்கு ஒரு மருமகளின் மீதோ மகளின் மீதோ விழுகிறது. மறதி நோயுள்ள உறவினரைப் பராமரித்த பெண்களின் தோலில் சிறு காயம் உண்டாக்கி, அது ஆறும் காலத்தை ஒஹையோவில் அளந்தார்கள். 1995 இல் வெளியான அந்த ஆய்வில், மற்ற பெண்களைவிட அவர்களுக்குக் காயம் ஆறச் சராசரியாக ஒன்பது நாட்கள் கூடுதலாகின. இடைவிடாத மன அழுத்தம் பராமரிப்பவரின் உடலையும் அரிக்கிறது. தளர்ந்துபோனவரிடமிருந்து முதியவருக்குக் கனிவான சொல் கிடைப்பதும் கடினம். பெற்றோருக்குப் பணிவிடை செய்யும் கடமை முதலில் பிள்ளைகளுடையது. ஆண்மக்கள் குளிப்பாட்டவும் மருத்துவமனையில் இரவு தங்கவும் முன்வர வேண்டும். உடன்பிறந்தோர் பொறுப்பைப் பகிர்ந்துகொள்ள வேண்டும்; பராமரிக்கும் பெண்ணுக்கு வாரம் ஒரு நாளேனும் ஓய்வு கிடைக்க வேண்டும்.

உதவி எங்கே கிடைக்கும்?

முதியோருக்கான மருத்துவம் தமிழ்நாட்டிற்குப் புதிதன்று. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978 ஆம் ஆண்டிலேயே டாக்டர் வ.செ. நடராசன் முதியோருக்கெனத் தனிப்பிரிவைத் தொடங்கினார். கிண்டியில் 200 படுக்கைகள் கொண்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. மூத்த குடிமக்களுக்கான கட்டணமில்லா உதவி எண் 14567. மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம்; தமிழிலேயே பேசலாம்.

ஒன்றை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். முதியவர் மறுமையை நினைப்பதும் மரணத்திற்குத் தயாராவதும் இயல்பு. அதில் அமைதி இருக்கும். ஆனால் "நான் போய்ச் சேர்ந்தால் எல்லோருக்கும் நிம்மதி" என்று வெறுப்போடு சொன்னாலோ, உணவையும் மருந்தையும் மறுத்தாலோ, மாத்திரைகளைச் சேர்த்து வைத்தாலோ அது நோயின் குரல். "உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?" என்று பரிவோடு நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக உண்டாவதில்லை. அவரைத் தனியே விடாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

அன்பிற்குரியவர்களே! இதைப் படித்து முடித்ததும் உங்கள் வீட்டுப் பெரியவரின் அருகில் சென்று அமருங்கள். மாத்திரையைப் பற்றி அல்லாமல் வேறொன்றைப் பற்றி அவரிடம் கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை எழாதீர்கள். நாளையும் அதே நேரத்தில் சென்று அமருங்கள். தொலைவில் இருப்பவர்கள் அதே நேரத்தில் அழையுங்கள்.

நம்மைச் சிறுவயதில் சலிப்பின்றி வளர்த்தவர்களிடம், அவர்களுடைய தள்ளாத வயதில் நாமும் சலிப்பின்றி நடந்துகொள்ள வல்ல நாயன் அருள்புரிவானாக! ஆமீன்.